மதிப்பீட்டாளர் ஐயா, அந்த அறிக்கையில் எனக்கும் ஒரு நகல்

வங்கிகளுக்காக வீடுகளை மதிப்பிடும் பொறியாளர்களுக்கு,

வணக்கம். போன ஆவணியில் உங்களில் ஒருவர் மதுரை ஆனையூரில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். பெயர் சொல்லப் போவதில்லை. அவர் மேல் எனக்குக் கோபமும் இல்லை. லேசர் கருவியைச் சுவருக்குச் சுவர் வைத்து அளந்தார், வாசலில் நின்று நாலைந்து படம் எடுத்தார், மோர் கொடுத்தேன், வேண்டாம் என்று கிளம்பிவிட்டார். மொத்தம் பன்னிரண்டு நிமிடம்.

அவர் வருகிறார் என்றுதான் அதற்கு முந்தைய இரண்டு மாதமும் எங்கள் வீடு அமளிதுமளிப்பட்டது. எங்கள் கடன் ஒரு வீட்டுவசதி நிதி நிறுவனத்தில் இருக்கிறது. 2025 பிப்ரவரியில் 6.5 சதவீதத்திலிருந்து இறங்கத் தொடங்கிய ரெப்போ (ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கொடுக்கும் கடனின் வட்டி), ஜூனுக்குள் 5.5 ஆகிவிட்டது, எங்கள் வட்டி மட்டும் அசையவில்லை. மாறும் வட்டிக் கடனை முன்கூட்டி அடைத்தால் அபராதம் கிடையாது என்பதால், மிச்சமிருக்கும் 14 லட்சத்தை ஒரு வங்கிக்கு மாற்றி, மகள் படிப்புக்கு மேலே 6 லட்சம் டாப்-அப் வாங்கலாம் என்று கணக்குப் போட்டோம். "வேல்யூவேஷன் நல்லா வரணும்னா வீட்டைப் பளிச்சுனு வைங்க" என்றார் லோன் ஏஜென்ட். என் வீட்டுக்காரர் நம்பிவிட்டார். தரைக்குப் புது டைல்ஸ், ஹாலுக்கு ஃபால்ஸ் சீலிங், எனக்கு மாடுலர் கிச்சன், வெளியே பெயின்ட். நாலரை லட்சம் போனது.

அவர் வங்கிக்குக் கொடுத்த மதிப்பீட்டு அறிக்கையின் நகல் கேட்டு மூன்று முறை கிளைக்குப் போனேன். "அது வங்கியின் உள் ஆவணம் அம்மா" என்றார்கள். மதிப்பீட்டுக் கட்டணம் 3,500 ரூபாயை என் கணக்கில்தான் பிடித்திருந்தார்கள் என்பதைச் சொன்னபிறகு, மேலாளர் கணினித் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். நின்றபடியே துண்டுச்சீட்டில் எழுதிக்கொண்டு வந்தேன்.

சைட் இன்ஜினியராக இருக்கும் என் தம்பி அதைப் பார்த்து விளக்கியபோதுதான் உங்கள் கணக்கு எனக்குப் புரிந்தது. வீடு 1999இல் கட்டியது. தரைத்தளம் 800 சதுர அடி. இன்றைக்குப் புதிதாகக் கட்டினால் சதுர அடி 1,800 என்று வைத்து 14 லட்சத்து 40 ஆயிரம். கான்கிரீட் கட்டடத்துக்கு ஆயுள் 60 வருடம், கடைசியில் மிஞ்சுவது 10 சதவீதம் என்று வைத்தால், 26 வருடத்துக்குத் தேய்மானம் 39 சதவீதம். மிச்சம் 8 லட்சத்து 78 ஆயிரம். டைல்ஸும் சீலிங்கும் இதில் எங்கே என்று கேட்டேன். "எங்கேயும் இல்லக்கா. அலமாரியைக் கழட்டிட்டுப் போனா அது கட்டடமா?" என்றான்.

சரி, அது எங்கள் அறியாமை. மாடி? 2016இல் நாங்கள் எழுப்பிய 600 சதுர அடி மாடிக்கு அறிக்கையில் ஒரு பூஜ்யம். வரைபட அனுமதி வாங்கவில்லை. "ரெண்டு ரூம்தானேம்மா, யாரு வந்து கேக்கப்போறா" என்று கொத்தனார் சொன்னார், நாங்களும் தலையாட்டினோம். வீட்டு வரி மாடிக்கும் சேர்த்துத்தான் கட்டுகிறோம். ஆனால் வரி ரசீது அனுமதி ஆகாதாம்.

நிலத்தின் கதைதான் எனக்கு அதிகம் உறைத்தது. அடுத்த தெருவில் போன தையில் சென்ட் 9 லட்சத்துக்குக் கைமாறியது. விற்றவர் என் சிநேகிதி. உங்கள் அறிக்கையில் சென்ட் 6 லட்சம். முதலில் பற்றிக்கொண்டு வந்தது. அப்புறம் யோசித்தேன். அந்தப் பத்திரத்தில் 9 லட்சம் என்றா எழுதியிருக்கிறது? பத்திரப்பதிவுக்கு அரசு வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பை ஒட்டி ஒரு தொகையை எழுதி, மிச்சத்தைக் கையில் கொடுத்திருப்பார்கள். 2014இல் இந்த வீட்டை வாங்கும்போது நாங்கள் செய்ததும் அதுதான். அந்த வழிகாட்டி மதிப்பையே 2017 ஜூனில் 33 சதவீதம் குறைத்து, 2023 ஏப்ரலில்தான் பழைய நிலைக்குக் கொண்டுவந்தார்கள். இடைப்பட்ட ஆறு வருடப் பத்திரங்களை நீங்கள் ஒப்பீட்டுக்கு எடுத்தால் விலை படுத்துத்தான் கிடக்கும். முத்திரைத்தாளில் மிச்சம் பிடித்த பணத்தை இந்தத் தெரு மொத்தமும் இப்போது கடனில் இழக்கிறது. இதற்கு உங்களை எப்படிக் குறை சொல்ல?

இன்னொன்று, பத்திரத்தில் இரண்டரை சென்ட், பட்டாவில் 2.4. எது குறைவோ அதை எடுத்திருக்கிறீர்கள். பட்டா இன்னும் எங்களுக்கு விற்றவர் பெயரில் கூட்டுப் பட்டாவாக இருந்தது வேறு. ஆகமொத்தம் 23 லட்சத்துச் சொச்சம். டாப்-அப் சேர்ந்தால் மதிப்பில் 70 சதவீதத்துக்கு மேல் தரமாட்டோம் என்பது அந்த வங்கியின் விதி. 6 லட்சம் கேட்ட இடத்தில் இரண்டு லட்சத்துச் சொச்சம்தான் தேறும் என்றார்கள்.

அன்றைக்கு அந்த ஏஜென்ட் மறுபடி வந்தார். "எவ்வளவு வேணும்னு சொல்லுங்க, வேற ஆளை வச்சு ஏத்திப் போட்டுடலாம்." வேண்டாம் என்றுவிட்டேன். நியாயம் பார்த்து என்று பெருமை அடிக்கவில்லை, பயம்தான். இல்லாத மதிப்புக்கு வாங்கிய கடனையும் நான்தானே கட்ட வேண்டும். ஆனால் உங்களில் சிலர் அப்படி ஏற்றிப் போடுகிறீர்கள் என்று அவர் எவ்வளவு சாதாரணமாகச் சொன்னார் என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

நான் கேட்பது விலையை உயர்த்திப் போடச் சொல்லி அல்ல. நாளைக்கே ஏலம் விட்டால் என்ன தேறும் என்றும் பார்ப்பது உங்கள் வேலை, புரிகிறது. ஆனால் வாசலில் நின்று படம் எடுத்தபோதே, "அம்மா, மாடிக்கு பிளான் இல்லை, கணக்கில் வராது, பட்டாவைப் பெயர் மாற்றி அளவைச் சரிபண்ணுங்கள்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மொட்டைமாடியில் ஓதம் இறங்கிச் சீலிங்கில் கம்பி தெரிகிற இடத்தை ஃபால்ஸ் சீலிங் போட்டு மூடியிருந்தோம். அவர் அதை விலக்கி ஏறிட்டுப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. அறிக்கையில் "பராமரிப்பு: சுமார்". அந்த இரண்டு மாதத்துக்கு முன்பே யாராவது சொல்லியிருந்தால் நாலரை லட்சத்தில் பாதியை அந்தக் கம்பிக்கும் தளத்துக்கும் செலவழித்திருப்போம்.

ஆகவே, அறிக்கையின் ஒரு நகல் கடன் கேட்டவர் கைக்கும் போக வேண்டும் என்று உங்கள் சங்கங்கள் வழியாக வங்கிகளிடம் கேளுங்கள். கட்டடத்துக்கு என்ன, நிலத்துக்கு என்ன, எதைக் கழித்தீர்கள், ஏன் கழித்தீர்கள் என்று நாலு வரி தமிழில் இருந்தால் போதும். வீட்டை விற்கிறவருக்கும் அது உதவும். வாங்க வருகிறவர் கடன் போட்டால் அவருடைய வங்கிக்காகவும் உங்களில் ஒருவர்தானே வரப்போகிறார்.

பட்டா எங்கள் பெயருக்கு மாறிவிட்டது, 2.4 என்ற அளவிலேயே. மாடிக்குத் திருத்திய வரைபடம் கொடுத்திருக்கிறோம். பக்கவாட்டில் விட்டிருக்கும் இடம் விதிக்குப் போதுமா என்று அளந்துகொண்டு போயிருக்கிறார்கள். ஃபால்ஸ் சீலிங்கை ஒரு பக்கம் பிரித்துவிட்டுக் கம்பிக்குத் துரு எடுக்கிறார்கள். மாசியில் வேறொரு வங்கியில் மறுபடி விண்ணப்பிக்கப் போகிறோம். உங்களில் யார் வந்தாலும் சரி, காகிதம் எல்லாம் மேசை மேலேயே இருக்கும். கொஞ்சம் உட்கார்ந்து மோர் குடித்துவிட்டுப் போங்கள், கேட்பதற்கு இன்னும் நாலைந்து கேள்வி இருக்கிறது.

இப்படிக்கு,
ஆனையூரிலிருந்து ஒரு வீட்டுக்காரி