காலநிலை மாநாட்டுக்குப் போகும் இந்தியப் பேச்சுவார்த்தைக் குழுவுக்கு

மதிப்பிற்குரிய குழுவினருக்கு வணக்கம்.

2024-இல் உலகச் சராசரி வெப்பநிலை தொழிற்புரட்சிக்கு முந்தைய அளவைவிட 1.5 பாகைக்கு மேல் போய்விட்டது. ஓர் ஆண்டுக் கணக்கை வைத்து, பாரிஸ் ஒப்பந்தம் குறித்த 1.5 பாகை எல்லையைத் தாண்டியதாகச் சொல்ல முடியாது என்பீர்கள். சரி. ஆனால் மாநாட்டு அறைகளில் ஒரு பேச்சு சகஜமாகிவிட்டது: கொஞ்ச காலம் தாண்டினாலும் பரவாயில்லை, காற்றிலிருந்து கரியமில வாயுவை உறிஞ்சியெடுத்து மறுபடி இறங்கிவிடலாமாம். காற்றுக்கு இது பொருந்தலாம். கடல் இந்தக் கணக்குக்குள் அடங்காது.

பூமியில் சேரும் மிகுதி வெப்பத்தில் 90 சதவீதம்வரை கடலுக்குள்தான் போகிறது. கரியமில வாயு உமிழ்வு நின்றபின்னும் அந்தச் சூடு ஆழத்துக்கு இறங்கிக்கொண்டே இருக்கும், நூற்றாண்டுக் கணக்கில். சூடேறும் நீர் விரியும். உயர்வை 1.5 பாகையோடு நிறுத்தினாலும் அடுத்த 2,000 ஆண்டுகளில் கடல்மட்டம் 2 முதல் 3 மீட்டர் ஏறும் என்கிறது ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசியின் ஆறாவது அறிக்கை. பனி உருகுவதும் இதில் சேர்த்திதான்.

போன வெப்பம் அங்கேயே கிடந்தாலாவது நிம்மதி. காற்று குளிரத் தொடங்கினால் கடல் தன் சூட்டைத் திரும்ப விடும். முன்பு கரைத்துக்கொண்ட கரியமில வாயுவிலும் ஒரு பங்கை விடும். அண்டார்க்டிகாவைச் சுற்றிய தென்பெருங்கடலில் ஆழத்து நீர் மேலெழுவதால் அது இதற்கு ஒரு பெரிய வாசல். ஏறுவது போலச் சுலபமாக இறங்க முடியாது.

இதை அளக்காமலும் இல்லை. கடலை அளக்கும் தானியங்கிக் கருவியான ஆர்கோ மிதவை 1,000 மீட்டர் ஆழத்தில் நீரோட்டத்தோடு அலையும். பத்து நாளுக்கு ஒருமுறை 2,000 மீட்டர் வரை இறங்கி, ஏறும் வழியெல்லாம் வெப்பத்தையும் உப்பையும் குறித்து, செயற்கைக்கோளுக்கு அனுப்பிவிட்டு மறுபடி மூழ்கும். உலகக் கடல்களில் சுமார் 4,000 மிதவைகள் இப்படி இயங்குகின்றன. இந்தியாவின் மிதவைகளைக் கவனிப்பது ஹைதராபாத்திலுள்ள கடல் தகவல் மையமான இன்காய்ஸ். ஒரு போன் போட்டால் கிடைக்கிற தகவல் இது.

அதனால் இரண்டு கேட்கிறோம். 'தாண்டித் திரும்பலாம்' என்ற வாசகம் மாநாட்டுத் தீர்மான வரைவில் வந்தால், திரும்பாத கடல்மட்டத்தையும் அதே பத்தியில் எழுதச் சொல்லுங்கள். அப்புறம், 2070-இல் நிகர சுழியம், அதாவது வெளியிடும் அளவுக்கே திரும்ப அகற்றும் நிலை, என்று 2021-இல் கிளாஸ்கோ மாநாட்டில் அறிவித்தோமே, அந்த ஆண்டோடு கடலேற்றமும் நின்றுவிடும் என்ற நினைப்பில் துறைமுகமும், கரை அரிப்பைத் தடுக்கும் தூண்டில் வளைவும் கட்ட வேண்டாம் என்று கரையோர மாநிலங்களுக்கு எழுத்தில் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
கடற்கரையோரக் குடிமக்களில் ஒருவர்