கொடிக்கு நடுவில்

பந்திங், மலேசியா,
செவ்வாய்க்கிழமை இரவு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நலம்தானே? இங்கே எல்லோரும் நலம். பாட்டிக்கு முட்டிவலி அப்படியேதான். தம்பி மோட்டார் சைக்கிளைக் கழுவச் சொன்னால் ஒரு வாரமாக நாளைக்கு நாளைக்கு என்கிறான்.

செம்பனை எண்ணெய் மில்லில் தராசுக் கொட்டகையில் உட்கார்ந்து எழுதுகிறேன். இந்த மாதம் இரவு ஷிப்ட். இங்கே பத்தரை, அங்கே சிட்னியில் ஒன்றரை ஆகியிருக்கும். தூங்கியிருப்பாய். போனில் பேசலாம் என்றால் அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே நிற்கிறாள். அதனால்தான் காகிதம். முடித்ததும் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து உன் நம்பருக்கு மட்டும் அனுப்புகிறேன். குடும்பக் குரூப்பில் பதில் போட்டுவிடாதே.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டபோது துணி துவைத்தேன், தூங்கினேன், எங்கேயும் போகவில்லை என்றாய். மறுநாளே அத்தை மகள் ஒரு படத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். உன்னோடு பிராக்டிக்கல் செய்கிற பிள்ளை யாரோ போட்ட படமாம். நாலு பேர் தண்ணீரில் நின்று கத்துகிறார்கள். நீ மட்டும் மணலில், பேண்ட்டை முழங்கால் வரை மடித்துவிட்டு, எல்லோருடைய பையையும் சிலிப்பரையும் சுற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய். கடைக்காரி மாதிரி. கணுக்காலில் அம்மா கட்டிய கறுப்புக் கயிறு தெரிந்தது.

அம்மா படத்தைப் பெரிதாக்கி முதலில் கேட்டது, அந்த உயரமான பையன் யார் என்று. அதை நான் கேட்கப் போவதில்லை. அப்புறம்தான் பின்னால் இருந்த போண்டைக் கடலைப் பார்த்தாள். அன்றிரவு சோறு இறங்கவில்லை அவளுக்கு. "போண்டாக் கடற்கரையாம், பேரைப் பார்" என்று முணுமுணுத்துக்கொண்டே சாமி விளக்கை மறுபடி ஏற்றினாள். கண்டம் இருக்கிற பிள்ளை தண்ணீர்ப் பக்கமே போகக் கூடாது, கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள் என்றாள். சரி, சொல்லிவிட்டேன்.

நீ பொய் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. போனதில் தப்பில்லை. ஐந்து நாள் வேலை செய்கிற பிள்ளை சனிக்கிழமை கூட்டாளிகளோடு வெளியே போகாமல் அறைக்குள்ளேயா கிடக்கும்? இந்தத் தாமான் குடியிருப்பிலிருந்து வேலை பழகச் சிட்னிக்குப் போன முதல் பிள்ளை நீ. தேத்தண்ணிக் கடையில் யாராவது கேட்க மாட்டார்களா என்று பார்த்துக்கொண்டிருப்பேன். கேட்காவிட்டால் நானே ஆரம்பித்துவிடுவேன். அப்படிப்பட்டவனிடம் போய்த் துணி துவைத்தேன் என்றால் எப்படி?

இப்போது கவனமாகக் கேள். அது நம் மோரிப் கடற்கரை இல்லை. நம் கடல் உள்வாங்கினால் கண்ணுக்கெட்டிய தூரம் சேறுதான். 1945 செப்டம்பர் 9-ஆம் தேதி வெள்ளைக்காரப் பட்டாளம் மோரிப்பில் இறங்கியபோது அவர்கள் வண்டிகளே அந்தச் சேற்றில் மாட்டிக்கொண்டன. தாத்தா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். நீ நிற்கிற இடம் பெருங்கடலைப் பார்த்த கரை. தடுக்க ஒன்றும் கிடையாது.

நேற்று முழுக்கத் தம்பியின் கணினியில் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே சிவப்பும் மஞ்சளுமாக இரண்டு கொடி நட்டிருப்பார்களாம். அந்த இரண்டுக்கும் நடுவில்தான் காவல்காரர்கள் கண் வைத்திருப்பார்கள். கொடிக்கு நடுவில் நில். 333 பஸ்ஸில்தான் போயிருப்பீர்கள். கடற்கரையின் தெற்கு மூலையில் இழுப்பு எப்போதும் இருக்குமாம். முதுகில் பையோடு ஊர் சுற்ற வருகிறவர்கள் பஸ்ஸை விட்டு இறங்கியதும் கிட்டத்தில் இருக்கிறதென்று அங்கேயே குளிக்கப் போய் மாட்டிக்கொள்கிறார்கள். அதனால் அந்த இழுப்புக்கு அவர்கள் பேரையே வைத்துவிட்டார்கள். அந்தப் பக்கம் போகாதே.

இழுப்பு என்றால் என்னவென்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தோட்டத்தின் பழைய டிவிஷனில் ஆறு வருஷம் தண்ணீர்க் கதவு பார்த்தவன் நான். கடல் ஏறும்போது அடைக்க வேண்டும், இறங்கும்போது திறக்க வேண்டும். மழை நாளில் திறந்தால், கால்வாயில் அதுவரை சும்மா கிடந்த தண்ணீர் சத்தமே இல்லாமல் புறப்படும். மேலே ஒரு நுரை இருக்காது. ஆனால் உதிரிப் பழம், மட்டைத் துண்டு, ஒரு தடவை என் சிலிப்பர், எல்லாம் அதன் பாட்டுக்கு நேர்க்கோட்டில் ஓடும். அங்கேயும் அதே கணக்குதான். அலை கரைக்குக் கொண்டுவந்து கொட்டுகிற தண்ணீர் எப்படியாவது திரும்பிப் போக வேண்டுமே, பள்ளமான இடம் பார்த்துப் போகிறது. பள்ளத்தில் அலை உடையாது. அதனால் இரண்டு பக்கமும் வெள்ளையாகப் பொங்கும்போது நடுவில் ஒரு இடம் மட்டும் கறுத்து, சாதுவாகத் தெரியும். விவரம் தெரியாதவன் அதுதான் நல்ல இடம் என்று இறங்குவான். மாட்டிக்கொண்டால் அதை எதிர்த்துக் கரைக்கு நீந்தாதே. மிதந்துகொண்டு கையைத் தூக்கு. தெம்பு இருந்தால் கரைக்குப் பக்கவாட்டில் நீந்து. உனக்கு நீந்தவே தெரியாது, அது வேறு விஷயம்.

அதே கடற்கரையில் 1938 பிப்ரவரி 6, அதுவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒன்றன்மேல் ஒன்றாக வந்த பெரிய அலைகள் மணல்திட்டில் நின்றவர்களை அப்படியே வாரிக்கொண்டு போயிருக்கின்றன. 200 பேருக்கு மேல் இழுத்துக் கரை சேர்த்தார்கள். 5 பேர் போய்விட்டார்கள். இதை அம்மாவிடம் நான் சொல்லவில்லை.

லாரி வருகிறது. எடை போட்டுவிட்டு வருகிறேன்.

வந்துவிட்டேன். குலை எல்லாம் ஒரே பச்சைக்காய். அது அவர்கள் தலைவலி.

எழுதியதைத் திரும்பப் படித்தேன். கொடி, இழுப்பு, 1938 என்று என்னென்னவோ எழுதியிருக்கிறேன். உன் சிலிப்பரைக்கூட நனைக்காமல் உட்கார்ந்திருந்தவளுக்கு இதெல்லாம் எதற்கு? படத்தைப் பார்த்ததிலிருந்து எனக்கு உறுத்துவது வேறு.

ஐந்தாம் ஆண்டில் பள்ளியிலிருந்து போர்ட்டிக்சன் கடற்கரைக்கு அழைத்துப் போனார்களே, நினைவிருக்கும். 45 வெள்ளி. அம்மா உதிரிப் பழம் பொறுக்கிச் சேர்த்த காசு, மைலோ டின்னிலிருந்து எடுத்து என் கையில்தான் கொடுத்தாள், வாத்தியாரிடம் கட்டச் சொல்லி. கொடுத்த அன்று சனிக்கிழமை. முதல்நாள் தோட்டத்து முனையில் ஒரு லாரி கவிழ்ந்திருந்தது. அதன் நம்பரை எல்லோரும் லாட்டரியில் வாங்குகிறார்கள் என்றதும் நானும் வாங்கினேன். 45 வெள்ளியும் போட்டேன். அடிக்கவில்லை.

திங்கட்கிழமை அம்மா கட்டியாச்சா என்றாள். வாயில் அது எப்படி வந்ததென்று இன்றுவரை தெரியவில்லை. கிள்ளான் சோசியரைப் பார்த்தேன், பிள்ளைக்கு நீரில் கண்டம் என்கிறார், காசைப் பரிகாரத்துக்குக் கொடுத்துவிட்டேன் என்றேன். எந்தச் சோசியரையும் நான் பார்க்கவில்லை மா. உன் சாதகத்தில் தண்ணீரைப் பற்றி ஒரு எழுத்துகூட இல்லை.

திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு நல்ல வேளை போய்ப் பார்த்தீர்கள் என்றாள். நீ தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் அழுதுவிட்டு வந்தாய். மறுநாள் நீயே வாத்தியாரிடம், எனக்குத் தண்ணீரில் கண்டம் சார், நான் வரவில்லை என்று சொன்னாயாம். அவர் என்னைச் சந்தையில் பார்த்தபோது சொன்னார், கெட்டிக்காரப் பிள்ளை என்று.

பன்னிரண்டு வயது வரைதான் கண்டம் என்று அப்போதே ஒரு கணக்குச் சொல்லியிருக்கலாம். அதுகூடத் தோன்றவில்லை எனக்கு. அம்மா 11 வருஷமாக ஆடிக்கு ஆடி மோரிப் போய்த் தேங்காயைக் கடலில் விடுகிறாள். மோட்டாரில் கூட்டிப்போவது நான்தான். கடல் ஏறுகிற நேரமாக இருந்தால் தேங்காய் திரும்பி வந்து அவள் காலிலேயே முட்டும். சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இன்னும் இரண்டடி உள்ளே போய்த் தள்ளிவிட்டு வருவாள். நான் மோட்டாரில் சாய்ந்து நின்றபடி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அதற்கப்புறம் நம்பர் வாங்கவில்லை என்று எழுத ஆசைதான். வாங்கினேன். நீ பல்கலைக்கழகம் போன வருஷம்தான் விட்டேன்.

உன் கணக்கில் 450 வெள்ளி போட்டிருக்கிறேன். அங்கே காசுக்கு அது பெரிதாக இராது. நீச்சல் சொல்லிக்கொடுக்கிற இடம் பக்கத்தில் இருந்தால் சேர்ந்துகொள். முதலில் குளம், அதிலும் ஆழம் இல்லாத பக்கம். கடலுக்கு உடனே போகாதே. போனால் தனியாகப் போகாதே. கொடிக்கு நடுவில். கயிற்றை அவிழ்க்க வேண்டாம், அது அம்மா கட்டியது, இருக்கட்டும். ஊறுகாய் போத்தல் தீர்ந்துவிட்டதா என்று கேட்கச் சொன்னாள்.

அவளிடம் இந்த ஞாயிற்றுக்கிழமை நானே சொல்லிவிடுகிறேன். இந்த ஞாயிறு அத்தை வீட்டார் வருகிறார்கள். அடுத்த ஞாயிறு.

அடுத்த லாரி வந்துவிட்டது.

அப்பா