மால்வர்ன் ஸ்டார் வாங்கின பாப்பாவுக்கு

பாப்பா,

போட்டோ கெடச்சுச்சு. ஒரு வார்த்தை எழுதாம வெறும் போட்டோ மட்டும், பரவால்ல, அதாவது அனுப்புனியே. வாட்ஸப்ல பதில் போட்டா நீ பாத்துட்டு அப்படியே விட்டுடுவ, அதான் உக்காந்து ஈமெயில் எழுதுறேன், நிதானமா படி. அப்பாவுக்கு முட்டி ஆபரேஷனுக்கு தேதி குடுத்துட்டாங்க, அக்கா பையன் ஸ்கூல்ல சிலம்பம் சேந்துருக்கான், அதெல்லாம் அப்புறம் சொல்றேன். மொதல்ல சைக்கிள்.

எனக்கு எவ்வளவு சந்தோஷம்னு உனக்குத் தெரியாது. மால்வர்ன் ஸ்டார், செவப்பு, பத்து கியர், 80 டாலர்தான்னு அக்கா சொன்னா. எம்பொண்ணு ஆபீஸ்ல அவ்வளவு பெரிய வேலைல இருந்துகிட்டு பழைய சைக்கிள் வாங்கி அவளே கையில கிரீஸ் பூசிக்கிட்டு செயின் மாத்திருக்கான்னு பக்கத்து வீட்டு மலாய் மக்சிக்கிட்ட கூட சொல்லிட்டேன். இங்க சிங்கப்பூர்ல எத்தன பேரு பத்தாயிரம் வெள்ளி குடுத்து கார்பன் சைக்கிள் வாங்கி ஞாயித்துக்கெழம காலைல மட்டும் ஓட்டிட்டு மத்த நாளெல்லாம் ரூமுக்குள்ள வச்சிருக்காங்க. அத மார்க்கெட் வாசல்ல நிறுத்திட்டு கீரை வாங்கப் போக முடியுமா, மனசு பூரா சைக்கிள் மேலதான் இருக்கும். நான் என் பழைய ராலி சைக்கிள சோங் பாங் மார்க்கெட்ல கம்பியோட சேத்து ஒரு சாதா பூட்டு போட்டுட்டு மீன் வாங்கி, தேத்தாரே டீ குடிச்சு, யார்கிட்டயாச்சும் அரை மணி நேரம் பேசிட்டு வந்தாலும் அது அங்கயே நிக்கும். நிம்மதியா ஓட்டறதுக்குத்தான சைக்கிள்.

உன்னோடது ஒசத்தியான சைக்கிள் இல்ல பாப்பா, புதுசா இருந்தப்பவும் இல்ல, அத யாராச்சும் சொல்லி நீ மனசு கஷ்டப்படாத. பழைய சைக்கிள் சேக்கறவங்க தேடறதெல்லாம் கோல்நாகோ, பியாங்கி மாதிரி இத்தாலி சைக்கிள், கம்பான்யோலோ சாமான் போட்டது, ரெனால்ட்ஸ் 531ன்னு லேசான இரும்புக் குழாய் ஸ்டிக்கர் இருந்தாலே விலை எங்கயோ போயிடும். உன்னோடது சாதாரண ஹை டென்சில் இரும்பு, வேலைக்கும் ஸ்கூலுக்கும் போறவங்களுக்காக கணக்கு வழக்கில்லாம செஞ்சது, அதனாலதான் இன்னைக்கு அத யாரும் சீந்தறதில்ல, அதனாலதான் 80 டாலர். எனக்கு அந்த மாதிரி சைக்கிள்தான் பிடிக்கும். ஏராளமா செஞ்ச சாமானுக்குத்தான் இன்னைக்கும் டயர் கெடைக்கும், பால்ரஸ் கெடைக்கும், பிரேக் கேபிள் எந்தக் கடைலயும் கெடைக்கும். தூக்குனா கனமாத்தான் இருக்கும். ஆனா அந்த இரும்பு வளைஞ்சா நிமித்தலாம், பின் சக்கரத்துக்கு எடம் பத்தலன்னா ஃபிரேமையே கொஞ்சம் விரிக்கலாம், 120 மில்லிமீட்டர் இருந்தத 126க்கு நானே விரிச்சு ஆறு கியர் போட்டிருக்கேன், கார்பன்ல அத நெனச்சுக் கூட பாக்க முடியாது. கியர் லீவரும் பாரு, டக் டக்குன்னு நம்பர் கெடையாது, கையால இழுத்து சத்தம் கேட்டு எங்க நிக்கணுமோ அங்க நிறுத்தணும், கொஞ்ச நாள்ல கை தானா பழகிடும், அப்புறம் எந்த கம்பெனி செயின் போட்டாலும் அது ஓடும்.

அது உங்க மெல்பர்ன்லயே பொறந்த கம்பெனி தெரியுமா. டாம் ஃபின்னிகன்னு ஒருத்தர் 1898ல ஆஸ்ட்ரல் சைக்கிள் ரேஸ்ல ஜெயிச்சாரு, அந்த பரிசுப் பணத்த வச்சு 1902ல மால்வர்ன்ல கடை போட்டாரு. அப்புறம் ஓப்பர்மன்னு ஒருத்தர் 1937ல ஃப்ரீமாண்டில்ல இருந்து சிட்னி வரைக்கும் 13 நாள் சொச்சத்துல மால்வர்ன் ஸ்டார்லயே போனாரு, நெறைய எடத்துல நல்ல ரோடே கெடையாது, மணல்ல சைக்கிளத் தூக்கிட்டு நடந்திருக்காரு. அப்படிப்பட்ட பேரு உன் சைக்கிள்ல இருக்கு, அந்த ஸ்டிக்கர சொரண்டிடாத, பெயின்ட்டும் அடிக்காத, கீறல் இருந்தா இருக்கட்டும், துரு ஏறாம கொஞ்சம் எண்ணெய் மட்டும் தடவு.

இப்ப பிரேக்கு விஷயத்துக்கு வரேன், இதுதான் முக்கியம். போட்டோவ பெருசு பண்ணிப் பாத்தேன், ரிம்மு பளபளன்னு இருக்கு, அது குரோம் பூசுன இரும்பு ரிம்மு. வெயில்ல ஒண்ணும் தெரியாது. மழைல நீ பிரேக்க புடிச்சா மொதல்ல ஒண்ணுமே நடக்காது, சக்கரம் பாட்டுக்கு சுத்தும், தண்ணி வழிஞ்ச பிறகுதான் புடிக்கும், அதுக்குள்ள நீ ஜங்ஷன்ல இருப்ப. அதனால மழை பெஞ்சா நிறுத்தற எடத்துக்கு ரொம்ப முன்னாடியே லேசா பிரேக்க ஒட்ட விட்டு ரிம்ம தொடச்சுக்கணும். பிரேக் கட்டை கூல் ஸ்டாப் கம்பெனிது, சால்மன் மீன் கலர்ல இருக்கும், அது ஈரத்துல நல்லா புடிக்கும், கருப்ப வாங்காத. ஹேண்டில் பார் மேல ரெண்டாவதா நீட்டிக்கிட்டு இருக்கு பாரு ஒரு பிரேக் லீவர், அத கழட்டிடு, அது வளைஞ்சு குடுக்குமே தவிர முழு பிரேக் புடிக்காது. காசு இருக்கறப்போ அலுமினிய ரிம்மு போட்ட 700சி சக்கரம் மாத்திடு, உன்னோடது 27 இன்ச்சு, அதோட ரிம்மு குறுக்களவு 630 மில்லிமீட்டர், 700சின்னா 622, அதனால பிரேக் கட்டைய 4 மில்லிமீட்டர் கீழ எறக்கணும், எறங்குதான்னு பாத்துட்டு வாங்கு. அதுவரைக்கும் மழைல ஓட்டாத. சிட்னி ரோட்ல அந்த 19ம் நம்பர் டிராம் போற தண்டவாளத்துல சைக்கிள் சக்கரம் சரியா உள்ள போயிடும், நேரா குறுக்கா தாண்டணும், சாய்வா தாண்டவே கூடாது, ஈரமா இருந்தா எறங்கித் தள்ளு. நாங்க வந்தப்ப அப்ஃபீல்டு ரயில் பக்கத்துல ஒரு சைக்கிள் பாதை காமிச்சியே, அதுலயே போயேன், சுத்துனாலும் பரவால்ல.

தாத்தா வெள்ளக்காரங்களோட நேவல் பேஸ்ல வேலை பாத்தப்ப சாயந்தரம் சங்கு ஊதுனா கேட்டுல இருந்து சைக்கிளா வரும், ஆயிரக்கணக்குல, நான் ரோட்டோரம் நின்னு எது தாத்தாதுன்னு தேடுவேன், எல்லாம் கருப்பு, எல்லாம் ஒரே மாதிரி. 1971ல வெள்ளக்கார பட்டாளம் போன பிறகும் அதே சைக்கிள்தான். ஞாயித்துக்கெழம அக்கம்பக்கத்து சைக்கிளெல்லாம் அவர்கிட்ட வரும், நான்தான் ஸ்பேனர் எடுத்துக் குடுக்கறது. பெடல் தண்ட அச்சோட புடிச்சு வைக்கற காட்டர் பின்ன அடிக்கறப்போ பெடல் தண்டுக்கு அடில இரும்புக் குழாய நட்டமா முட்டு குடுத்துட்டுத்தான் ஒரே அடியா அடிப்பாரு, முட்டு குடுக்காம அடிச்சா அடி பூரா உள்ள பால்ரஸ் ஓடற தடத்துக்குப் போயி குழி விழுந்துடும்னு சொல்லுவாரு. உன் சைக்கிள்ல காட்டர் பின் இருக்கற மாதிரிதான் தெரியுது. கழட்டணும்னா எனக்கு வீடியோ கால் பண்ணு, நீயா அடிக்காத.

என்னோடது 60 வெள்ளிக்கு கெடச்ச லேடீஸ் ராலி, மூணு கியர், பின் சக்கர நடுவுல உள்ளயே கியர் வச்ச ஸ்டர்மி ஆர்ச்சர் ஏடபிள்யூ ஹப்பு, ஹப்பு மேலயே 72ன்னு வருஷம் அடிச்சிருக்கு. அந்த ஹப்புல ஒரு சின்ன மூடி இருக்கும், தெறந்து நாலு சொட்டு எண்ணெய் விட்டா போதும், வேற ஒண்ணும் கேக்காது. போன மாசம் வெளிநாட்டு வேலைக்காரங்க தங்கற டார்மிட்டரில இருந்து புதுக்கோட்டை தம்பி ஒருத்தர் அதே மாதிரி ஒண்ண புளோக்குக்கு கீழ தள்ளிட்டு வந்தாரு, ரெண்டாவது கியர்ல இருந்து மூணாவது போறப்ப பெடல் சும்மா சுத்துதுக்கான்னாரு. அச்சு நட்டுல ஒரு ஓட்டை இருக்கும் பாப்பா, ரெண்டாவது கியர்ல வச்சு அது வழியா பாத்தா உள்ள இருக்கற சின்ன கம்பியோட தோள்பட்டை அச்சு முனையோட சமமா நிக்கணும். அவரோடது உள்ள போயிருந்துச்சு. கேபிள்ல இருக்கற சின்ன உருளைய கொஞ்சம் திருகுனேன், சரியாப் போச்சு. காசு குடுக்க வந்தாரு, வேணாம்னு சொல்லி அவரோட பிரேக்கப் பாத்தேன், ஒரு பக்கம் கட்டையே இல்ல, என்கிட்ட இருந்தத மாட்டி விட்டேன். நாளைக்கு ஊர்ல இவுங்க அம்மாவுக்கு யாரு பதில் சொல்றது.

உங்க விக்டோரியாலதான் 1990லயே சைக்கிளுக்கு ஹெல்மெட் சட்டம் வந்துச்சு, உலகத்துலயே அதான் மொதல்னு சொல்றாங்க, இங்க ரோட்ல ஓட்ட 2019லதான் கட்டாயம் ஆச்சு. ஹெல்மெட்டு பழசாயிருந்தா மாத்து. அந்தப் போட்டோல செவுத்து ஆணில உன்னோடது மட்டும்தான் தொங்குது. பச்சை சைக்கிளையும் காணோம், நாங்க வந்தப்ப அப்பா மாப்பிள்ளைக்கு சீட்டு ஒசத்திக் குடுத்தாரே அது. சர்வீசுக்கு விட்டிருந்தா சரி. மாப்பிள்ளை அவசரத்துல வெளிய எடுத்துட்டுப் போயிருந்தாலும் சரி. வீட்ல எடம் பத்தலன்னு வித்திருந்தாலும் அது உங்க விருப்பம். தீபாவளிக்கு ரெண்டு பேரும் போன்ல வருவீங்கன்னு அப்பா டிவியக் கூட அணைச்சு வச்சுட்டு இருந்தாரு, நீ மட்டும் பேசுன, அவருக்கு மீட்டிங்னு சொன்ன. தீபாவளிக்கு உங்க ஊர்ல லீவு இல்ல, தெரியும். பொங்கலுக்கும் மீட்டிங்னு சொன்ன. நான் கேக்கல. அக்காகிட்ட மட்டும் எல்லாம் பேசற, அவகிட்ட கேட்டா சைக்கிள் வாங்கிருக்காம்மான்னு சொல்றா, அதுக்கு மேல வாயத் தொறக்க மாட்டேங்கறா. நீங்க ரெண்டு பேரும் சின்ன வயசுல இருந்தே இப்படித்தான்.

இரும்பு ரிம்மு பாப்பா, மறக்காத. மழைல வேணாம்.

நீ ஆறாங்கிளாஸ் பிஎஸ்எல்இ பரீட்சை எழுதுன வருஷம் நாம செம்பவாங்ல தாத்தா வீட்ல இருந்தோமே, உனக்கு ஞாபகம் இருக்கும், பாட்டிக்கு ஒடம்பு சரியில்லன்னு உங்ககிட்ட சொன்னோம். பாட்டி நல்லாத்தான் இருந்தாங்கன்னு நீயே பாத்திருப்ப, ஆனா ஒரு நாள் கூட நீ கேட்டதில்ல. தாத்தாவும் என்கிட்ட ஒண்ணும் கேக்கல. ரெண்டு பொண்ணு, ரெண்டு பையோட வந்து நிக்கறேன், வாம்மான்னாரு, அவ்வளவுதான். மறுநாள் காலைல என் பழைய சைக்கிள ஸ்டோர்ல இருந்து எறக்கி ரெண்டு டயருக்கும் காத்தடிச்சு வாசல்ல நிறுத்தி வச்சிருந்தாரு. நான் தினமும் சாயந்தரம் பீச்சு வரைக்கும் ஓட்டிட்டு வருவேன், அங்க ஜெட்டில யாரும் என்னைத் தெரிஞ்சவங்க கெடையாது, நல்லா அழுதுட்டு மூஞ்சியத் தொடச்சுட்டு திரும்பி வருவேன். ஒவ்வொரு நாளும் வந்ததும் அவர் சைக்கிளத்தான் பாப்பாரு, என்னைப் பாக்க மாட்டாரு, செயின் தளர்ந்துருக்கு, நாளைக்கு இழுத்து வைக்கறேன்னு சொல்லுவாரு. அப்பாவுக்கும் எனக்கும் நடந்ததெல்லாம் அப்புறம் நாங்களே பேசி முடிச்சுக்கிட்டோம், அந்தக் கணக்கு முடிஞ்சு போச்சு, இத அவர்கிட்ட சொல்லிடாத. ஆனா தாத்தா மாதிரி ஒண்ணும் கேக்காம இருக்க எனக்கு வரல, நானும் முயற்சி பண்ணித்தான் பாக்கறேன். ராத்திரி முழிப்பு வந்தா அந்தப் போட்டோவத்தான் எடுத்துப் பாக்கறேன்.

சாப்பாடு ஒழுங்கா சாப்பிடு. சைக்கிள் ஓட்டறவங்களுக்கு பசிக்கும், பசிக்கலன்னா அம்மாகிட்ட சொல்லு. நம்ம வீட்டு காரிடார்ல ஆளுங்க நடக்க 1.2 மீட்டர் விட்டது போக இன்னொரு சைக்கிள் வைக்க எடம் இருக்கு, உன் ரூம்லயும் ஒண்ணும் மாத்தல, அப்பா மட்டும் அவரோட பழைய பேப்பர கொஞ்சம் அடுக்கி வச்சிருக்காரு, சொன்னா எடுத்துடுவாரு. பங்குனி உத்திரத்துக்கு ஹோலி ட்ரீ முருகன் கோயில்ல பால்குடம் எடுக்கறேன், உன் பேர்லயும்தான். மாப்பிள்ளை பேர்ல அர்ச்சனை பண்ணலாமா வேணாமான்னு நீதான் சொல்லணும்.

சால்மன் கலர் பிரேக் கட்டை ரெண்டு ஜோடி வாங்கிட்டேன், முன்னாடிக்கு ஒண்ணு, பின்னாடிக்கு ஒண்ணு. ரெண்டு பிரேக் கேபிளும் வச்சிருக்கேன். கூடவே கறி மசாலாவும் வைக்கலாம்னு பாத்தா ஆஸ்திரேலியா கஸ்டம்ஸ்ல புடிச்சுப்பாங்கன்னு அப்பா வேணாங்கறாரு. நாளைக்கு போஸ்ட் ஆபீஸ் போறேன். வேற ஒண்ணும் எழுத வேணாம், நீ இப்ப இருக்கறது அதே அட்ரஸ்தானா, மாறியிருந்தா புது அட்ரஸ மட்டும் அனுப்பு.

அம்மா