பள்ளிக்கல்வித் துறைக்கு: செயலியல் படித்த பிள்ளை எதற்கு மறுபடி என் பயிலகத்துக்கு வரவேண்டும்?

பள்ளிக்கல்வித் துறை அலுவலர்களுக்கு வணக்கம்.

சின்ன ஊர் ஒன்றில் தட்டச்சுப் பயிலகம் நடத்துகிறேன். பிளஸ் டூவில் தொழிற்கல்விப் பிரிவெடுத்து 'அலுவலக மேலாண்மையும் செயலியலும்' (அதாவது அலுவலகச் செயலர் வேலை) படித்த பிள்ளைகளில் பல பேர், ரிசல்ட் வந்த கையோடு என்னிடம் வந்து சேர்ந்து ஏ எஸ் டி எஃப்-இலிருந்து அடிக்கத் தொடங்குகிறார்கள். ஃபீஸ் எனக்குத்தான் வருகிறது, என் வரும்படியில் நானே மண்ணைப் போட்டுக்கொள்கிற மாதிரிதான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

குரூப் 4 தட்டச்சர் வேலைக்குக் கேட்பது தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் தட்டச்சுத் தேர்வின் சான்றிதழை. இளநிலைக்கு நிமிடத்துக்கு 30 சொல், முதுநிலைக்கு 45, அதுவும் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும். அப்புறம் சிஓஏ என்கிற கணினிச் சான்றிதழ், அது இல்லாமல் வேலைக்குப் போனாலும் தகுதிகாண் பருவத்துக்குள் வாங்கியாக வேண்டும். இதெல்லாம் உங்கள் பிரிவில் படிக்கிற பிள்ளை இரண்டு வருடத்தில் பள்ளியிலேயே முடிக்கக்கூடியது. பிளஸ் ஒன் பொதுத்தேர்வையும் 2025-இல் ரத்து செய்துவிட்டீர்கள், நல்லது, பிளஸ் ஒன்னில் இளநிலை எழுத வையுங்கள், பிளஸ் டூவில் முதுநிலை. தேர்வுக் கட்டணத்தைத் துறையே கட்டட்டும்.

விசைப்பலகை விஷயம் ஒன்று இருக்கிறது. தேர்வு நடப்பது இன்னமும் தட்டச்சுப் பொறியில். அதில் தமிழ் என்றால் 'யளனகபக'தான் முதல் பாடம், 'க' இடது ஆள்காட்டி விரலில் இருக்கும். அரசு 1999-இல் கொண்டுவந்த தமிழ்99 என்கிற கணினி விசைப்பலகையில் அதே 'க' வலது கைக்குப் போய்விடுகிறது, உயிரெழுத்தெல்லாம் இடது பக்கம், மெய் பெரும்பாலும் வலது பக்கம். பொறியில் 'கொ' அடிக்க முதலில் கொம்பு, பிறகு 'க', பிறகு கால். தமிழ்99-இல் 'க' தட்டி 'ஒ' தட்டினால் போதும். மாதக்கணக்கில் பழகிய விரலை மாற்றுவது எவ்வளவு பாடு என்று தினமும் பார்க்கிறேன், நல்ல வேகம் வந்த பிள்ளைகூட கணினி முன்னால் உட்கார்ந்ததும் ஒரு விரலால் குத்த ஆரம்பித்துவிடும். கணினியில் தமிழுக்கு யுனிகோடு எழுத்துமுறைதான் என்று 2010-இலேயே அரசு ஆணை போட்டாகிவிட்டது. ஆகவே தேர்வையும் கணினிக்குக் கொண்டுவரச் சொல்லி அந்த இயக்ககத்திடம் நீங்கள்தான் பேசவேண்டும், எங்களைப் போன்றவர்கள் சொன்னால் யார் கேட்கிறார்கள்?

என்னிடம் படித்து இப்போது இளநிலை உதவியாளராக இருக்கும் ஒரு பெண், தன் பிரிவில் ஒரே கடிதத்தை ஊர் ஊராகப் பெயர் மாற்றி மாற்றி அடித்துக்கொண்டிருந்தார்களாம், பெயர்களைக் கணினியே மாற்றிப் போடுகிற மெயில் மெர்ஜ் என்று ஒன்று இருப்பதே தெரியாமல். பள்ளிக்கூடத்து ஹைடெக் லேபில் அரைநாளில் சொல்லித்தரலாம் இதை. தபால் பதிவது, தன்பதிவேடு (தன்னிடம் வரும் கடிதங்களின் பதிவேடு) எழுதுவது, ந.க. எண் என்கிற கோப்பு எண் போட்டு வரைவு வைப்பது, இதையும் வெறும் வரையறையாக மனப்பாடம் பண்ண வைக்காமல் செய்ய வைக்கலாம்.

ஆசிரியர் பற்றாக்குறை என்பீர்கள், உண்மைதான். எங்கள் பக்கத்துப் பள்ளி ஒன்றில் ஆசிரியர் ஓய்வு பெற்றார், இடம் நிரம்பவில்லை, அடுத்து அந்தப் பிரிவே போய்விட்டது.

பள்ளியில் பொறி இல்லை, கற்றுத்தர ஆள் இல்லை என்றால் பயிலகங்களோடு ஒப்பந்தம் போடுங்கள். காலையிலும் சாயங்காலமும்தான் எங்களுக்குக் கூட்டம், 11 மணியிலிருந்து 4 மணிவரை மிஷின்கள் சும்மாதான் கிடக்கின்றன.