லோரிக்கார அண்ணனுக்கும் ஊர் மக்களுக்கும்

சுங்கை சிப்புட் மக்கள் அனைவருக்கும் வணக்கம்.

மகன் நலமாக இருக்கிறான். காலில் முள் கீறிய காயம் இரண்டு, அவ்வளவுதான். இப்போது தூங்குகிறான். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை எழுந்து போய் அவன் மூச்சைப் பார்த்துவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன். செவ்வாய்க்கிழமை, ஆட்டிசம் உள்ள என் மகன் காணாமல் போனதும் எல்லோரும் சேர்ந்து தேடியதும் ஊருக்கே தெரியும். அதை மறுபடி சொல்ல எனக்குத் தெம்பில்லை.

முதல் நன்றி லோரிக்கார அண்ணனுக்கு. பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், அதனால் எழுதவில்லை.

சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்கான எங்கள் பெற்றோர் குழு சனிக்கிழமை கூடும்போது பசியாறச் செய்துகொடுக்கும் அக்காவின் கணவர் அவர். அக்காவை இறக்கிவிட்டு, கூட்டம் முடியும்வரை மண்டபத்து வாசலில் லோரி நிழலில் உட்கார்ந்திருப்பார். "உள்ள வாங்கண்ணே" என்றால், "இருக்கட்டும்மா, காலெல்லாம் சேறு" என்பார். நாங்களும் அப்படியே விட்டுவிட்டோம். உள்ளே பேசுவது வாசல்வரை கேட்கும் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை.

அன்று செம்பனைக் காட்டுக்குள் மகனை முதலில் பார்த்தவர் அவர்தான். ஓடிப்போய்ப் பிடிக்கவில்லை, பெயர் சொல்லிக் கத்தவில்லை. எஞ்சினை அணைத்தார். எனக்குப் போன் செய்து தணிந்த குரலில் இடத்தைச் சொன்னார். அப்புறம் அவனுக்கு நாலடி தள்ளி மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

நான் போய்ச் சேர்ந்தபோது மகன் கீழே கிடந்த உதிரிப் பழங்களைப் பொறுக்கி வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தான். அண்ணனும் தன் முன்னால் ஒரு வரிசை அடுக்கிக்கொண்டிருந்தார். இவன் ஒன்று வைத்தால் அவரும் ஒன்று. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அண்ணன் விரலெல்லாம் பழத்து எண்ணெய் மஞ்சளாக ஒட்டியிருந்தது. கிட்டத்தட்ட நாற்பது நிமிஷம் அப்படியே இருந்திருக்கிறார்.

"இப்படிச் செய்யணும்னு யாருண்ணே சொன்னா?" என்று கேட்டேன்.

"நீதாம்மா சொன்னே. பிடிக்கப் போனா ஓடுவாங்க, பக்கத்துல உட்கார்ந்து அவங்க செய்யறதையே செய்யணும்னு. போன வருஷம் ஒரு சனிக்கிழமை."

அந்தச் சனிக்கிழமை எனக்கு ஞாபகமே இல்லை.

2019-இல், சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளை எந்தப் பள்ளியும் திருப்பி அனுப்பக்கூடாது என்ற கொள்கையைக் கல்வி அமைச்சு நடைமுறைக்குக் கொண்டுவந்த வருஷம், நாங்கள் நாலு அம்மாக்கள் என் வீட்டு முன்னால் அஞ்சடித் திண்ணையில் உட்கார்ந்து ஆரம்பித்த குழு இது. அறிவிப்பு வந்துவிட்டது, ஆனால் யாரிடம் போய் என்ன கேட்பது என்று எங்களில் ஒருத்திக்கும் தெரியாது. ஓகேயூ என்கிற மாற்றுத்திறனாளி அட்டைக்கு விண்ணப்பப் பாரம் நிரப்புவது, ஆட்டிசம் அதில் 'கற்றல் சிக்கல்' பிரிவில்தான் வரும் என்பது, ஈப்போ மருத்துவமனைக்கு யார் காரில் யார் போவது, இவைதான் எங்கள் பேச்சு. மாதம் ஐந்து வெள்ளி (ரிங்கிட்) போட்டோம். இதே ஊரில் பிறந்த முன்னாள் அமைச்சர் துன் சம்பந்தன் தோட்டத்து ஆட்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டமே வாங்கினார் என்று மாமனார் சொல்லித் தெம்பு கொடுப்பார். ஆனாலும் இரண்டே பேர் வந்த சனிக்கிழமைகள் நிறைய உண்டு. போன தீபாவளிக்கு முன்னால் இதை மூடிவிடலாம் என்றுகூட முடிவு செய்திருந்தேன். அந்த இரண்டு பேருக்காகப் பேசியதை மூன்றாவதாக ஒருவர் வெளியே உட்கார்ந்து கேட்டிருக்கிறார். இதை நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது.

மற்ற எல்லோருக்கும் சேர்த்துத்தான் நன்றி சொல்ல முடிகிறது. இப்படிப்பட்ட பிள்ளைகளைத் தண்ணீர் இழுக்கும் என்று தெரிந்து, நான் சொல்வதற்கு முன்பே ஆற்றங்கரைக்கும் குட்டைக்கும் ஓடிய குழு அப்பாக்கள், ஒலிபெருக்கியை நிறுத்திய கோயில் நிர்வாகத்தார், மோட்டார் சைக்கிளில் தோட்டம் முழுக்கச் சுற்றிய இளைஞர்கள், போலீஸ்காரர்கள், தேத்தண்ணி போட்டு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டே இருந்த மலாய்க்கார அக்கா, கடையை அடைத்துவிட்டு டார்ச் லைட்டுகளை எடுத்து வந்த சீனத் தவுக்கே. ஒருவரையும் மறக்கமாட்டேன்.

குழுவை மூடமாட்டேன். இந்த மாதத்துக்குள் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு தாள் தயார் செய்யப் போகிறோம்: படம், அம்மா அப்பா போன் நம்பர், எதற்குப் பயப்படுவான், எது பிடிக்கும், எப்படிக் கூப்பிட வேண்டும். பெற்றோர் சம்மதித்தால் போலீஸ் நிலையத்துக்கும் தோட்ட அலுவலகத்துக்கும் நானே கொண்டுபோய்க் கொடுப்பேன். தாமான் வீடுகளிலோ தோட்டத்திலோ இப்படி ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் இருப்பவர்கள் தயவுசெய்து வாருங்கள். அட்டை இல்லாவிட்டாலும் பரவாயில்லை, பாரத்தைச் சேர்ந்தே நிரப்புவோம்.

அண்ணே, சனிக்கிழமை நீங்களும் உள்ளே வாங்க. சேறோடு வாங்க, பரவாயில்லை. மகன் பக்கத்தில் நாற்காலி போட்டு வைக்கிறேன், நாலடி தள்ளி.