மில் தொழிலாளிக்கு ஓய்வு எப்போது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வயதானவர்கள் வேலையை விட்டு நகர்ந்தால்தான் இளைஞர்களுக்கு இடம் கிடைக்கும் என்று தங்கள் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். அவர் அரசு ஊழியராக இருக்கவேண்டும் என்பது என் ஊகம். தமிழக அரசு ஊழியரின் ஓய்வு வயது 2020-இல் 59 ஆனது, 2021-இல் 60 ஆனது. அவர்களுக்குத் தேதி வந்தால் மாலை விழும், வீட்டுக்குப் போகலாம். மில்காரனுக்கு 58-இல் மாலை விழுந்த மறுநாளே அடுத்த வேலை தேடும் படலம் தொடங்கிவிடும்.

நான் கப்பலூர் பக்கம் ஒரு நூற்பாலையில் ஸ்பின்னிங்கில் இருந்தவன். எங்கள் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) பென்ஷன் கணக்கு இதுதான்: கடைசி 60 மாதச் சராசரிச் சம்பளத்தைப் பணி ஆண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுக்கவேண்டும். என் சராசரி 12,000, பணி 18 ஆண்டு. மாதம் 3,085 ரூபாய் வருகிறது. நிரந்தரத் தொழிலாளி வராத நாளில் பதிலியாக ஓடித் தேய்ந்த ஆண்டுகள் பி.எஃப். கணக்கில் ஏறவே இல்லை. அகவிலைப்படியும் கிடையாது, அரிசி விலை எங்கே போனாலும் அதே 3,085தான். 2014-இல் நிர்ணயித்த குறைந்தபட்சத் தொகையான 1,000 ரூபாயை இன்னமும் வாங்கிக்கொண்டிருப்பவர்களைப் பார்த்து மனத்தைத் தேற்றிக்கொள்கிறேன். இப்போது ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இரவுக் காவல். அந்த கேட்டில் விடிய விடிய உட்கார எந்த இளைஞரும் போட்டிக்கு வரவில்லை என்பதை அந்த வாசகருக்குத் தெரிவித்துக்கொள்கிறேன்.

வயதானவர்கள் வேலையில் தொடர்வதற்குப் பணம் மட்டும்தான் காரணம் என்றும் சொல்லமாட்டேன். எங்கள் மில்லில் ஓர் அம்மாள், மூட்டு தேய்ந்து 55-லேயே நின்றுவிடப் பார்த்தார். கணவருக்கு, தொழிலாளர் மருத்துவக் காப்பீடான ஈ.எஸ்.ஐ.யில்தான் சர்க்கரை மாத்திரை. வேலையை விட்டால் அட்டை போய்விடும் என்று பயந்து 58 வரை நொண்டிக்கொண்டே ஷிப்டுக்கு வந்தார். ஐந்தாண்டு அந்தக் காப்பீட்டில் இருந்தவர் முன்கூட்டியே ஓய்வு பெற்றாலும், ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டிக் கணவன் மனைவி இருவரும் வைத்தியம் பார்த்துக்கொள்ளலாம். இதை அவருக்குச் சொல்ல அங்கே ஆள் இல்லை. இன்னொருவர், மகன் திருப்பூரிலிருந்து பணம் அனுப்புகிற தெம்பில், 58-க்கு முன்பே பென்ஷன் எழுதிக் கொடுத்துவிட்டார். முந்தும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 4 சதவீதம் குறையும் என்பதும், 58-இல் வாங்காமல் 60 வரை தள்ளினால் ஆண்டுக்கு 4 சதவீதம் கூடும் என்பதும் பணம் வந்த பிறகுதான் அவருக்குத் தெரிந்தது.

ஆளாளுக்குக் காரணம் வேறு. வீட்டிலேயே இருந்தால் என் மனைவி என்னைச் சகிக்கமாட்டாள் என்பதையும் இந்தக் கணக்கில் சேர்க்கலாம்.

இப்படிப்பட்ட பென்ஷன் விவரங்களைக் கேட்டறிய, பி.எஃப். அலுவலகம் மாதந்தோறும் 27-ஆம் தேதி வாக்கில் மாவட்ட அளவில் குறைதீர் முகாம் நடத்துகிறது. பகல் ஷிப்டில் இருப்பவன் எப்படிப் போவான்? 55 வயதைத் தாண்டிய தொழிலாளிக்கு அந்த ஒருநாள் சம்பளத்தோடு விடுப்பு கொடுக்க மில் நிர்வாகங்கள் முன்வரவேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பஞ்சாலைத் தொழிலாளி,
திருநகர், மதுரை.