பெரியப்பாவின் நினைவாக

அனைவருக்கும் வணக்கம். பெரியப்பாவின் மறைவுக்கு ஆறுதல் சொன்ன எல்லோருக்கும் பெரியம்மா நன்றி சொல்லச் சொன்னார்.

லாரியை விட்டு இறங்கிப் பல வருடம் ஆகியும், வீட்டுக் காரை எடுக்கும் முன் டயரைத் தட்டிப் பார்க்கும் பழக்கம் அவரை விடவில்லை. "இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பாதே, சூடாகிப் பிடிக்காமல் போய்விடும், முன்கூட்டியே கியரைக் குறை" என்பார். கத்துவார்தான், ஆனால் சாவியைப் பிடுங்க மாட்டார். பிள்ளைகளின் பள்ளி விழாக்களுக்குப் பெரும்பாலும் அவரால் வர முடிந்ததில்லை. அதற்கு ஈடாகத்தானோ என்னவோ, ஓய்வுக்குப் பிறகு பேரப்பிள்ளைகளைப் பள்ளியில் விடும் வேலையை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

சரி, ஒரு வேண்டுகோள். அவர் லாரியோடு நிற்கும் பழைய படம், குரல் பதிவு எது இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமைக்குள் இங்கே போடுங்கள். அதுவரை ஃபார்வர்டு செய்திகள் வேண்டாமே.